ஹாலுக்கு ஒரு வெள்ளை

“ரெண்டும் ஒண்ணுதான்லா அக்கா! கண்ணத் தொறந்து பாரு!”

“எது ஒண்ணு? இது ஐவரி, அது கிரீம். கிரீம் அடிச்சா ஹாலுக்கே மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கும்!”

சொன்ன பிறகுதான் செரீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹால் நடுவே கட்டிலில் கிடந்த அவள் அப்பா ஆம்புரோஸுக்கு ஈரல் கெட்டு, கண்ணிரண்டும் அந்த நிறத்தில்தான் இருந்தன. அவரோ சிரித்தார்.

“அப்ப கிரீமே அடிங்க. நானும் சுவரும் மேட்ச்சா இருப்போம்.”

தம்பி கிளென் கத்தியது எதிர்வீட்டு சரளா வரை கேட்டது. சரளாவுக்குக் கேட்டால் ஈப்போ டவுனில் பாதிக்குக் கேட்ட மாதிரி.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று டாக்டர் சொன்ன அன்றே ஆம்புரோஸ் கேட்ட ஒரே பொருள் பெயிண்ட். “ரெண்டு நாள் பெட்டியில இங்கதான் கெடக்கப் போறேன். வர்றவன் என் மூஞ்சிய எவ்வளவு நேரம் பார்ப்பான்? அப்புறம் சுவத்தத்தான் பார்ப்பான்.” ரப்பர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதி, சட்டையில் ஒரு மைப்பொட்டு இல்லாமல் ஓய்வு பெற்ற மனுஷன்.

செமோரிலிருந்து பெயிண்டர் சுகுமாரன் வரத் தொடங்கி ஒன்பது நாள். வேலை மட்டும் தொடங்கவில்லை. தினம் காலையில் செரீனா ஒரு புது வெள்ளை கேட்பாள். அவர் சுவரில் ஒரு கட்டம் அடித்துக் காட்டுவார். மத்தியானத்துக்குள் அது அவளுக்குப் பிடிக்காமல் போகும். இதுவரை ஒன்பது கட்டம். அவளைக் கண்டால் பெயிண்ட் கடை முதலாளி தவுக்கே சாப்பிடப் போய்விடுகிறாராம்.

கிளினிக்கில் நர்ஸ் அவள். யாரை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறவள். சுவர் முடிந்தால் அப்பாவும் போய்விடுவார் என்பதுதான் அவள் பயம். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் இது தெரியும். சரளாகூட வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“சூசாலா உன்னோட, ஒரே தொல்லை! என் லீவு நாளையோட முடியுது!” என்றான் கிளென்.

“கத்துறவங்க வெளிய போய்க் கத்துங்க,” என்று அடுக்களையிலிருந்து அம்மா குழந்தையம்மாள் குரல் கொடுத்தார். “பெயிண்டருக்குக் கோப்பி ஆறுது.”

ஆம்புரோஸ் விரலை அசைத்து மகளைக் கூப்பிட்டார்.

“எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாத்தான் தெரியுது. நீ ஒண்ணச் சொல்லிடும்மா. படுத்துப் படுத்து முதுகு வலிக்குது.”

அவள் அவர் போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள். பிறகு சுவரருகே போய், பார்க்காமலே ஒரு கட்டத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

“இதுதாண்ணே.”

சுகுமாரனுக்கு நம்பிக்கை வரவில்லை. “நெசமாவா தங்கச்சி?”

“அடிங்கண்ணே.”

அன்று பகல் முழுக்க ஆம்புரோஸ் படுத்தபடியே மேற்பார்வை பார்த்தார். “தம்பி, சுவிட்சுக்கு மேல விட்டுட்டீங்க,” என்றார் சுகுமாரனிடம். கடைசியாகப் பேசியது அதுதான். சர்ச் ஃபாதரிடம் குழந்தையம்மாள் சொன்னது வேறு: ஜெபம் சொல்லிக்கொண்டே போனாராம்.

நாலு மணிக்கு ரோலரின் சத்தம் நின்றது. சுகுமாரன்தான் முதலில் கவனித்தார். செரீனா வந்து நாடி பார்த்தாள். கையைப் பிடித்தபடியே சுவிட்சுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். அங்கே அடித்திருந்தது.

உடலைத் தயார் செய்ய எடுத்துக்கொண்டு போனார்கள். சுகுமாரன் தரையில் விரித்த பேப்பர்களை மடித்து, “நான் அப்புறம் வாரேன்,” என்றார்.

“ரெண்டாவது கோட் இருக்குலாண்ணே,” என்றாள் செரீனா.

கிளென் கைலியை மடித்துக் கட்டி இன்னொரு ரோலரை எடுத்தான்.

ஏழு மணிக்குப் பெட்டி வந்தபோது சுவர் ஈரம். யாரும் யாரையும் எச்சரிக்கவில்லை. சாய்ந்தவர்கள் எல்லாம் தோளில் வெள்ளையோடு போனார்கள், ஃபாதர் உட்பட. பெட்டியருகே ஐவரியா கிரீமா என்று தாழ்ந்த குரலில் ஒரு வாக்குவாதம் நடந்ததும் உண்மைதான். செரீனா இரு பக்கத்துக்கும் தலையாட்டினாள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து குழந்தையம்மாள் கிளெனோடு அவன் வேலை பார்க்கும் ஜொகூருக்குப் போனார். செரீனாவையும் சுகுமாரனையும் சேர்த்து நாங்கள் சிலர் பேசிப் பார்த்தோம். செமோரில் அவருக்குப் பெண்டாட்டியும் ரெண்டு பிள்ளைகளும் இருப்பது தெரிந்ததும் விட்டுவிட்டோம். நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாத்தியாருக்கு அவள் சரி சொல்லி, ஜனவரியில் கல்யாணமாகிப் பாரிட் புந்தாருக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் வயல்.

சரளா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாத்தியார் கர்ட்டன் மாட்ட ஜன்னலுக்குக் கம்பி அடித்து ஆறு மாதமாகிறதாம். இன்னும் கர்ட்டன் இல்லை. சரளா கேட்காமல் விடுவாளா?

“வயலு இப்பதான் நெறம் மாறுதுக்கா,” என்றாளாம் செரீனா. “எல்லா நெறமும் பார்த்துட்டு வாங்கலாம்.”