நடுக்கடலில் நுழைந்த குற்றம்

"சார், அவன் கடல்ல இருந்தானா, உங்க நாட்டுக்குள்ள இருந்தானா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"பிடிக்கும்போது கடல்ல இருந்தாரு மேடம். கேஸ் போடும்போது நாட்டுக்குள்ள இருந்தாரு."

"நடுவுல கூட்டிட்டு வந்தது யாரு?"

"அது வேற விஷயம்."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் வக்கீலம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்முனையில் அந்த நாட்டு அரசு வக்கீல். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் என் மனைவியும். அவர் வேறு விஷயம் என்று சொன்னது, என் மனைவியின் தம்பியைக் கப்பலோடு இழுத்துக்கொண்டு போனதை.

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். சட்டம் எனக்கு ஆகாது. ஆனால் வீட்டு ஆள் மாட்டிக்கொண்டால் எல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது. நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

மச்சினன் கப்பல் இஞ்சினியர். வீட்டில் அவனுக்குப் பெயர் கிரீஸ். கல்யாணப் போட்டோவிலும் அவன் நகம் கறுப்பாகத்தான் இருக்கும். சண்டை நடக்கிற ஒரு கரைக்கு மாவு மூட்டையும் குழந்தைகளுக்குப் பால்பவுடரும் கொண்டுபோகிறோம், இஞ்சின் பழசு, ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு கூப்பிட்டது. பழைய இஞ்சின் என்று கேட்டதுமே இவன் பாதி சம்மதித்துவிட்டான். பால்பவுடர் என்றதும் மீதி.

எந்தக் கப்பலும் போகாதபடி அந்தக் கரையை, இப்போது கேஸ் போட்டிருக்கிற நாட்டின் கடற்படை முற்றுகை போட்டிருந்தது. போர் நடக்கும்போது அப்படிப் போடலாமாம். முதலில் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும், எல்லாக் கப்பலையும் ஒரே மாதிரி மறிக்க வேண்டும், பேச்சளவில் இல்லாமல் உண்மையாகவே மறிக்க வேண்டும். மீறப் போகிற கப்பலை நடுக்கடலிலேயே பிடிக்கலாமாம். ஆனால் உள்ளே இருக்கிற ஜனங்களுக்குச் சாப்பாடு போதவில்லை என்றால் நிவாரணப் பொருளைச் சோதனை போட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். ஜனங்களைப் பட்டினி போடுவதற்கென்றே போட்ட முற்றுகை செல்லவே செல்லாது. வக்கீலம்மா இதைச் சொன்னபோது, அப்படியானால் கேஸ் முடிந்தது, சாயந்தரம் மச்சினனைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். நான் அவ்வளவு வெகுளி.

மச்சினன் போன கப்பலின் கேப்டனும் சட்டத்தை நம்பின ஆள்தான். வாங்க, ஏறிப் பாருங்க, ஒவ்வொரு மூட்டையா பிரிச்சுப் பாருங்க, அப்புறம் விடுங்க என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார். கடற்படை முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஏறினார்கள். கப்பலைத் தங்கள் துறைமுகத்துக்குத் திருப்பினார்கள்.

இதற்கு அந்த நாட்டு அரசு சொன்ன விளக்கம் அருமையானது. அந்தக் கரையில் யாருக்கும் பசியில்லை. ஆகவே இது நிவாரணக் கப்பலே இல்லை. அதே அறிக்கையின் கடைசி வரியில், பிடித்த மாவைச் சோதித்து முடித்ததும் தாங்களே லாரியில் அந்த ஜனங்களுக்கு அனுப்பிவைப்பார்களாம். பசியே இல்லாதவர்களுக்கு மாவு. சும்மா ஆசைக்குத் தின்பார்கள் போலிருக்கிறது.

இனிமேல்தான் மச்சினன் செய்த காரியம். கப்பலைப் பிடித்ததும் எல்லோரையும் மேல்தளத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். இஞ்சின் நின்றிருந்தது. கடற்படைப் பையன்கள் இரண்டு பேர் கீழே போய் அதைக் கிளப்பப் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்திலேயே இவனுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது, குளிர வைக்கிற தண்ணீரைத் திறக்காமலே கிளப்புகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நாசமாய்ப் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். இவன் எழுந்து, துப்பாக்கி பிடித்தவனிடம், "தம்பி, கொஞ்சம் தள்ளு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டான்.

இறங்கினவன் வால்வைத் திறந்தான், கிளப்பினான். அதோடு வந்திருக்கலாம். கப்பலில் ஒரு பழக்கம் இருக்கிறதாம். கப்பலை ஓட்டுகிற மேலறையிலிருந்து மணியடித்து இவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்பார்கள். கீழே இருப்பவன் பதில் மணி அடித்து வேகத்தைக் கொடுக்க வேண்டும். எங்கே போகிறோம் என்று கேட்கக் கூடாது, அது அவன் வேலை இல்லை. மணி வந்தது. மேலே நின்று அடித்தது எங்கள் கேப்டன் இல்லை, கடற்படை அதிகாரி. இவன் கை பழக்கத்தில் பதில் மணி அடித்துவிட்டது. துறைமுகம் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

கரையில் இறங்கினதும் கேஸ் போட்டார்கள். அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்த குற்றம். ரோட்டில் போகிறவனைச் சட்டையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமல் ஏன் வந்தாய் என்று கேட்கிற மாதிரி.

மற்றவர்கள் எல்லோரும் ஆமாம், நுழைந்தோம் என்று நீதிபதி முன்னால் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். கேப்டனும்தான், அவருக்கு நெஞ்சுவலி. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மிச்சம் இருப்பது இவன் ஒருத்தன். வக்கீலம்மா எங்களிடம் மறைக்காமல் சொன்னார். இவனும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்த வாரமே வீடு. ஆனால், பிடித்தது செல்லாது என்று தொண்டு அமைப்பு போட்டிருக்கிற வழக்கு படுத்துவிடும், கப்பல் தானாகவே வந்தது என்று அரசு எழுதிக்கொள்ளும். இல்லை என்று சொன்னால் வழக்கு முடிகிற வரைக்கும் உள்ளே. எப்போது முடியும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டார். விசாரணை கம்ப்யூட்டர் திரையில். மச்சினன் தெரிந்தான். இளைத்திருந்தான். முதல்முறையாக நகம் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் என் மனைவி அழுதாள்.

அரசு வக்கீல் நல்ல மரியாதைக்காரர். இஞ்சினைக் கிளப்பினது யார் என்று கேட்டார். நான்தான் என்றான். யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றான். இவனுக்குப் பொய் சொல்லவும் வராது.

"மணி அடிச்சதும் பதில் குடுத்தீங்க. அப்ப சம்மதிச்சுத்தானே வந்தீங்க?"

"சார், இஞ்சின் ரூம்ல ஜன்னல் கிடையாது. மணி அடிச்சா வேகம் குடுப்பேன். கப்பல் எந்தப் பக்கம் திரும்புதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலே எங்க நாட்டுக்குள்ள வந்துட்டீங்க."

"நான் வரல. உங்க ஆளு கூட்டிட்டு வந்தாரு. நான் இஞ்சின் சாகாம பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

நீதிபதிக்கு அவன் மேல் இரக்கம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். நிதானமாக எடுத்துச் சொன்னார். முற்றுகை சரியா தப்பா என்பதை வேறு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். இங்கே கேள்வி ஒன்றுதான். நுழைந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம்.

என் மனைவி மைக்கை மூடாமலே பேசிவிட்டாள். "சொல்லிட்டு வாடா. ஒரு வார்த்தைதானடா. உன் பிள்ளைங்க தினமும் கேக்குதுங்க."

திரையில் அவன் தலை குனிந்தான்.

"அக்கா, நான் நுழைஞ்சேன்னு சொன்னா, அடுத்த கப்பலையும் இப்படித்தான் பிடிப்பாங்க. பிடிச்சிட்டு, பாரு, அவனே ஒத்துக்கிட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு வாய் வரலக்கா."

நீதிபதி அதை இல்லை என்று பதிவு செய்துகொண்டார். மனம் மாறினால் அடுத்த விசாரணையில் சொல்லலாம் என்றார். மைக்கில் பேசியதற்காக என் மனைவியை எச்சரித்தார். நடுக்கடலில் ஒரு கப்பலையே தூக்கிக்கொண்டு போனவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அனுமதியில்லாமல் பேசக்கூடாது என்று சொன்னார்.

அடுத்த விசாரணைக்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் அவனோடு போனில் பேசலாம். என் மனைவி பேச மாட்டாளாம். "நான் பேசினா அழுவேன். அவன் உங்க பேச்சைத்தான் கேப்பான். ஆமான்னு சொல்லச் சொல்லுங்க. பெரிய கடல் சட்டத்தை நம்ம வீட்டுப் பையனா காப்பாத்தணும்? அதுக்குன்னு படிச்சவங்க இல்லையா?" என்றாள். அவன் மனைவியும் அதையேதான் கேட்கிறாள். அவர்கள் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

நானும் அவன் வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கண்ணாடி முன் நின்று, "நுழைஞ்சேன்னு சொல்லிடுடா" என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அரசு வக்கீல் பேசுகிற மாதிரியே இருந்தது. அவர்கள்தான் நடுக்கடலில் பிடித்துக் கொண்டுவந்தார்கள் என்றால் இவன் நுழைந்தான் என்கிறது பொய். இவனாக நுழைந்தான் என்கிறது நிஜம் என்றால் நடுக்கடலில் பிடித்தது யாரை? அங்கே இரண்டையும் ஒரே வாயில் சொல்கிறார்கள், யாருக்கும் விக்கல்கூட வரவில்லை.

புதன்கிழமை போன் வரும். கடல் சட்டம் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். தெரியாதவர்களும் எழுதுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று. வாழ்த்தும் வேண்டாம், வீரனே என்றும் வேண்டாம். ஆமாம் சொல்லச் சொல்லட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் கீழே எழுதுங்கள். செவ்வாய்க்குள் எழுதினால் நல்லது.