வெல்டிங் கடையில் ஆஸ்பத்திரி ஆக்சிஜன்

நான் வெல்டிங் கேஸ் விற்கிறவன். கடைக்கு இணையப் பக்கம் போட்ட மருமகன், தேடுகிறவர்கள் வந்து சேர அதற்குள் மறைவாகச் சில குறிச்சொற்களையும் எழுதினான். எனக்கு அன்றே நம்பிக்கை இல்லை.

இன்று ஒரு பெண் ஓடிவந்தாள். "அப்பாவோட சிலிண்டர் தீரப்போகுது. ஆஸ்பத்திரி ஆக்சிஜன் குடுங்க, சீக்கிரம்!"

"இது இரும்பு ஒட்டுற கேஸ் விக்கிற கடைம்மா."

"தேடினப்ப உங்க கடைதானே வந்துச்சு!"

மருமகனைப் பார்த்தேன்.

"நாலு சொல் சேர்த்துப் போட்டா நாலு பேர் வருவாங்கன்னுதான், மாமா..."

"வந்துட்டாங்க மாப்ளே! வண்டிய எடுங்க."

மருத்துவ ஆக்சிஜன் விற்கும் கடைக்கு அவளை ஏற்றிக்கொண்டு பறந்தான். திரும்பும்வரை என்னால் உட்கார முடியவில்லை.

"நேரத்துக்குப் போயிட்டோம், மாமா."

செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. நாங்கள் விற்கும் சரக்கின் பெயர்கள் மட்டும் மிஞ்சும்வரை, அந்தக் குறிச்சொற்களை அருகில் நின்று அழிக்க வைத்தேன்.