முதல் பெல்ட்டின் வழும்பு

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சண்முகசுந்தரிக்குத் தெரியும். இறால் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் சுத்தம் பார்க்கிற உடம்பு அது. அதனால் நின்றபடியே லேப் முடிவை வாங்கிப் பார்த்தாள். நாலாவது தடவையாக அதே கதைதான். இறால் ஓடுகிற நாலு பெல்ட்டில் மூன்று சுத்தம், முதல் பெல்ட்டில் மட்டும் கிருமி.

கிருமி என்றால் ஒன்றிரண்டு இல்லை. கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் வழவழவென்று வழும்பு கட்டிக் குடித்தனமே நடத்துகிறவை. குளோரினை ஊற்றினாலும் அசையாது. அதற்காகத்தான் புரட்டாசியில் பெல்ட்டுக்கு ஒன்றாக நீல விளக்கு மாட்டினார்கள். ஆட்கள் வெளியேறிக் கதவைப் பூட்டியதும் அது தானாக எரியும். வெளிச்சம் படுகிற இடத்தில் வழும்பு கட்டாதாம்.

விளக்கு மாட்டியும் ஒரு பெல்ட் தேறவில்லை என்றால் பழி யார் மேல் விழும்? தேய்க்கிறவள் மேல்தான். தேய்த்தவள் முத்துச்செல்வி. 'சரியாகத் தேய்ப்பதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் சூப்பர்வைசரான சண்முகசுந்தரி. திங்கட்கிழமையோடு முத்துச்செல்வியை நிறுத்திவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெல்ட்டைச் சண்முகசுந்தரியே மண்டி போட்டுத் தேய்த்தாள். முட்டி வீங்கியதுதான் மிச்சம். இன்றைக்கு வந்திருப்பது அவள் தேய்த்ததன் முடிவு. அப்படியென்றால் குறை தேய்ப்பில் இல்லை.

ஆட்கள் சாப்பிடப் போனதும் கதவைப் பூட்டிவிட்டு, கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். விளக்கு எரிந்து இதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகிற வேனை விட்டுவிட்டு யார் நின்று பார்ப்பார்கள்? மூன்று பெல்ட் நீலமாகப் பளபளத்தன. முதல் பெல்ட் இருட்டாகக் கிடந்தது.

விளக்குகளை அணைத்துவிட்டு உள்ளே போய், முதல் பெல்ட்டின் விளக்குக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். ஆயுத பூசைச் சந்தனம் விளக்கின் கண்ணாடி முழுக்கக் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். புது மெஷினைப் பொட்டில்லாமல் விடக்கூடாது என்று, நாலுக்கும் சேர்த்து முதல் விளக்குக்கே கைநிறைய அள்ளிப் பூசியவள் அவளேதான். விளக்கின் தகரத்தில் ஒரு பொட்டு அழுக்கில்லை. முத்துச்செல்வி தினமும் துடைத்திருக்கிறாள், சாமிக்கு வைத்ததை மட்டும் தொடாமல்.

வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை; அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. சந்தனத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டு நேரே மேனேஜர் சிவப்பிரகாஷிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியாம்மா? சரி, அந்தப் பிள்ளைய நாளைக்கே வரச் சொல்லுங்க."

வெளியே வந்து முத்துச்செல்விக்குப் போன் போட்டாள்.

"ஏளா முத்து, நாளைக்கு வேலைக்கு வா. உம்மேல ஒரு தப்பும் இல்ல. நான் பூசுன சந்தனம்ளா, வெளிச்சத்த மறைச்சிட்டு. நீ ஒழுங்காத்தான் தேச்சிருக்க. நாந்தான் பாக்காம எழுதிக் குடுத்துட்டேன். மன்னிச்சிருளா."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"நெசமாவாக்கா சொல்லுதிய?" முத்துச்செல்வி கேட்டாள். "எங்கைதான் சரியில்லன்னு நானே நம்பிட்டேங்கா. திங்கக்கெழமைலருந்து ஒவ்வொரு தட்டையும் மூணு தரம் கழுவுதேன். பிள்ளைக்குச் சோறு பெசஞ்சு குடுக்கவே பயமா இருக்குக்கா."