தொட்டுப் பார்த்து வாங்கிய டிராக்டர்

இன்னும் ஐந்து நடை. ஐந்தே நடை டிராக்டர் போய் வந்துவிட்டால் விருத்தாம்பாளின் உப்பு முழுவதும் ரோட்டோர மேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குள் மழை வரக் கூடாது.

மழைக்கு யார் போய்ச் சொல்வது? காலையிலேயே டீக்கடை டிவியில் புயல் சின்னம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மரக்காணம் கரையில் பிடித்துக்கொள்ளுமாம்.

அவளுடைய குத்தகைப் பாத்திகள் கழுவெளி என்கிற சதுப்பு ஏரியின் ஓரத்தில், உப்பளத்தின் கடைக்கோடியில், எல்லாரையும்விடப் பள்ளத்தில் கிடந்தன. மற்றவர்கள் உப்பைக் குவித்துக் கீற்று வேய்ந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கீற்று மேலிருந்து விழுகிற மழையைத் தடுக்கும். கழுவெளி பெருகிக் கீழிருந்து ஏறுகிற தண்ணீரை எது தடுக்கும்? போன ஐப்பசியில் அப்படித்தான் ஆயிற்று. ஆறு மாத வெயிலில் வாரிச் சேர்த்த குவியல் மூன்றே நாளில் அடியிலிருந்து கரைந்து, மேலே வேய்ந்த கீற்று மட்டும் சப்பென்று தரையில் படுத்துக் கிடந்தது. துக்கம் விசாரிக்க வருவதுபோல் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னொரு வருசம் இப்படி ஆச்சுன்னா பாத்திய வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்று அளத்துக்காரர் சொல்லியனுப்பினார்.

அந்த வாரம்தான் அவள் புருஷன் தேசப்பனுக்கு டிராக்டர் ஆசை பிடித்தது. மழை நெருங்கினால் இருக்கிற நாலு டிராக்டரும் பெரிய அளக்காரர்களுக்குத்தான் ஓடும். கடைக்கோடிக்காரன் கதி கடைசியில்தான். சொந்தமாக ஒன்று இருந்தால்? யோசித்து யோசித்து, அப்பன் விட்டுப்போன முந்திரித் தோப்பை விற்றான்.

வண்டி பார்க்கக் கிளம்பிய அன்று மெக்கானிக் அப்பாவு காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். போர்வைக்குள்ளிருந்தபடியே ஒன்று மட்டும் சொன்னார்.

"போனவுடனே இன்ஜின் மேல கைய வைடா. சில்லுன்னு இருந்தா ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. சூடா இருந்தா ஒரு வார்த்த பேசாத. பஸ் ஏறி வந்துடு."

இடையஞ்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பில் நின்றது வண்டி. எழுபத்திரண்டாம் வருடத்து வண்டி. புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பொட்டு வைத்திருந்தார்கள். தேசப்பன் கை வைத்தான். சுட்டது.

"காலையில ஒரு நடை எரு அடிச்சேங்க" என்றான் விற்கிறவன்.

சாவியைத் திருப்பியதும் குபுக்கென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் தேசப்பன் மயங்கிப்போனான். சூடு கையோடு நின்றுவிட்டது, புத்திக்கு ஏறவில்லை. பங்குனி வெயிலில் ராஜா மாதிரி அதை ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

மறுநாள் காலை, இன்ஜின் சில்லிட்டிருந்தபோது, வண்டி அசையவில்லை. எட்டுப் பேர் தள்ளி, வெள்ளை வெள்ளையாகப் புகை கக்கி, ஒருவழியாக உயிர் வந்தது. காய்ச்சல் தெளிந்து வந்த அப்பாவு அரை மணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்ஜின் பிளாக்குல விரிசல். தண்ணியக் குடிக்குது. முந்திரித் தோப்பக் குடுத்துக் குடிகார மாப்பிள்ளையப் புடிச்சாந்திருக்க. இனிமே ஊத்திக் குடுத்துதான் குடும்பம் நடத்தணும்."

ஊற்றிக் கொடுத்தாள் விருத்தாம்பாள். அப்பாவு போட்ட சட்டம் இரண்டு. நல்ல தண்ணீர் மட்டும்தான். அளத்துத் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்புப் பூத்துவிடும். கொதிக்கிற இன்ஜினுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். டீசல் டாங்க் கசிந்தபோது சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைத்தாள். ரேடியேட்டர் ஒழுகியபோது மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றினாள். அன்றைக்கு முழுதும் வண்டி போன வழியெல்லாம் மஞ்சள் சொட்டிக்கொண்டே போனது.

"இன்னாக்கா, வண்டிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்கீங்க? வயசுக்கு வந்துடுச்சா?" என்று கூடை தூக்கும் சகாயமேரி கேட்க, அளமே சிரித்தது. விருத்தாம்பாளும்தான் சிரித்தாள். ஏழு மாதத்தில் புருஷனை ஒரு வார்த்தை சொன்னதில்லை அவள். ஏமாந்தவனுக்கு ஏமாந்தது தெரியும். அதை நாம் வேறு சொல்ல வேண்டுமா?

நேற்று ஐந்து நடை ஓடிவிட்டது. இன்று காலை ரோட்டோரக் குழாயில் தண்ணீர் வந்த ஒரு மணி நேரத்தில் ஆறு குடமும் ஒரு நீல டிரம்மும் பிடித்து வைத்தாள். அதை விட்டால் மறுநாள்தான். பக்கத்தில் இருந்த அடிபம்பு போன டிசம்பர் சுனாமியில் உப்பாகிப்போனது.

முதல் நடைக்கு இரண்டு குடம் குடித்தது வண்டி. இரண்டாம் நடைக்கு நான்கு குடமும் அரை டிரம்மும். விரிசல் பெரிதாகிவிட்டது என்று தேசப்பன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மூன்றாம் நடைக்குப் பாதி வழியிலேயே டிரம் காலி. கூடைக்காரப் பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் சகாயமேரி கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

"ஊத்துங்கக்கா. நாங்க ஒரு நாளு தாகமா இருந்தா செத்துட மாட்டோம். இது செத்துடும்போல இருக்குது."

மூன்றாவது லோடு மேட்டில் இறங்கியபோது மணி இரண்டு. வண்டியின் மூக்கிலிருந்து ஆவி சீறியது. இன்னும் இரண்டு நடை உப்பு கடைக்கோடியில் கிடந்தது. கடலுக்கு மேல் வானம் அடுப்படிச் சுவர்போல் இருண்டிருந்தது.

அப்போதுதான் வேல்முருகன் தன் டிராக்டரில் வந்து உப்பைக் கொட்டினான். பெரிய அளத்துக்கு ஓட்டுகிறவன்.

"தம்பி, ரெண்டே ரெண்டு நடைப்பா" என்று தேசப்பன் அவன் வண்டி மட்கார்டைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு இன்னும் ஒரு நடை இருக்குதுண்ணே. கொட்டிட்டு நேரா அங்கதான் வர்றேன். நீ இந்தக் கெழத்த வச்சிக்கினு அல்லாடாத. இப்படியே ஓரமா நிறுத்து."

அவன் போய்விட்டான். தேசப்பன் விருத்தாம்பாளிடம் திரும்பினான்.

"வந்துடுவான்மே. அதுக்குள்ள இதுவும் ஆறட்டும்."

"போன வருசமும் வர்றேன்னுதான் சொன்னான்" என்றாள் விருத்தாம்பாள். "வந்தானா?"

"போன வருசம் அவன் வண்டி ரிப்பேருமே."

"ஒவ்வொரு வருசமும் ஒண்ணு இருக்கும்யா. மழை வந்தா உப்பு நிக்குமா?"

குடத்தை எடுத்துக்கொண்டு அவள் வாய்க்காலில் இறங்கினாள். அளத்துக்குப் பாய்கிற உப்புத்தண்ணீர். தேசப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"வேணாம்மே. கொதிக்குது. அதுல இத ஊத்தினா செத்துடும்."

"நவுரு."

"அப்பாவு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே..."

"சூடா இருந்தா வாங்காதன்னுங்கூடத்தான் சொன்னாரு" என்றாள் அவள். "கைய வச்சுப் பாத்து, சுட்டும் வாங்கினவன் நீ. வண்டியப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

வாயைவிட்டு வந்துவிட்டது. ஏழு மாதம் பல்லுக்குள் அடக்கி வைத்திருந்த பேச்சு. கூடைக்காரப் பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தேசப்பன் துண்டை நனைத்துச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினான். ஆவி பீறிட்டு அவன் முழங்கையைச் சுட்டது. விலகி நின்று அவளுக்கு இடம் விட்டான்.

ஊற்றினாள். ஒரு குடம், இரண்டு குடம். இன்ஜின் பாம்பாகச் சீறியது. உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். சுடுசட்டியில் பச்சைத் தண்ணீர் பட்டால் வருமே, அந்தச் சத்தம். இருவருக்கும் கேட்டது. இருவருமே கேட்காததுபோல் வண்டி ஏறினார்கள்.

ரோட்டிலிருந்து கடைக்கோடிக்குப் போவது ஒற்றைக் கரை. ஒரு டிராக்டர் போனால் எதிரே ஆடுகூட ஒதுங்க முடியாது. இரண்டு பக்கமும் பாத்திகள். காலி டிரெய்லரில் பெண்களோடு உட்கார்ந்து விருத்தாம்பாள் மாரியம்மனை வேண்டிக்கொண்டே போனாள். பாதிக் கரை தாண்டியது. குவியலின் வெள்ளை கண்ணுக்குத் தெரிந்தது. வந்துவிட்டோம் என்று நினைத்தாள்.

'டங்!'

பெரிய சக்கரங்கள் இரண்டும் பூட்டுப் போட்டதுபோல் நின்றன. வண்டி இழுத்துக்கொண்டே போய், முன்சக்கரம் ஒன்று கரையை விட்டு இறங்கி அந்தரத்தில் தொங்கியது. பெண்கள் அலறிக் குதித்தார்கள். தேசப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இன்னாய்யா ஆச்சு?"

"அடிச்சுக்கிச்சு" என்றான். "இன்ஜின் அடிச்சுக்கிச்சு, இனி சுத்தாது. அவ்ளோதான்."

முதல் துளி விருத்தாம்பாளின் நெற்றியில் விழுந்தது. புளியங்கொட்டை அளவுத் துளி.

அவள் அழவில்லை. ஒரு கூடையை எடுத்தாள். குவியல் வரைக்கும் நடந்து, தலையில் சுமந்து ரோடு வரைக்கும் வந்து... எத்தனை கூடை? எத்தனை நாள்? கூடையோடு அவள் நின்றபோது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிராக்டர் சத்தம்.

வேல்முருகன் வந்துகொண்டிருந்தான். காலி டிரெய்லரோடு, சொன்னபடியே வந்துகொண்டிருந்தான்.

"யக்கா! வர்றேன்னா வருவேன்..." என்று ஆரம்பித்தவன், எதிரே கரையை அடைத்துக்கொண்டு சாய்ந்து நின்ற வண்டியைப் பார்த்து வாயை மூடினான்.

இறங்கிவந்து சுற்றிப் பார்த்தான். "ஓரமா நிறுத்துன்னுதானே சொன்னேன்" என்றான், யாரையும் பார்க்காமல்.

"பின்னாடி இழுக்க முடியாதாப்பா?" என்றாள் விருத்தாம்பாள்.

"எப்படிக்கா? உன் டிரெய்லரு, அப்புறம் என் வண்டி, அதுக்குப் பின்னாடி என் டிரெய்லரு. ரோடு வரைக்கும் ரிவர்ஸ்ல வளைஞ்சு வளைஞ்சு போறதுக்குள்ள கழுவெளி மேல ஏறிடும்."

கரை திறக்க வேண்டுமானால் வண்டி கீழே போக வேண்டும். காற்று ஊளையிட்டது. எல்லாரும் தேசப்பனைப் பார்த்தார்கள்.

அவன் கிளட்சை மிதித்து, இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி கியரை விடுவித்தான். ஸ்டியரிங்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். டிரெய்லரை வண்டியோடு மாட்டியிருந்த பின்னைப் பிடுங்கினான்.

"தள்ளு தம்பி."

"வேணாம்யா" என்று விருத்தாம்பாள் அவன் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் பொறு. வேற வழி எதுனா..."

"பாத்தி வேணுமா, வேணாமா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல் கேட்டான்.

"வேணும்" என்றாள்.

டிரெய்லரை எல்லாருமாகச் சேர்ந்து வலப்பக்கப் பாத்திக்குள் உருட்டிவிட்டார்கள். வேல்முருகன் தன் வண்டியின் மூக்கால் மெல்ல முட்டினான். சிவப்பு வண்டி ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு மண்ணைச் சரித்துக்கொண்டு தலைகுப்புறப் பாத்திக்குள் இறங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்தது. பெரிய சக்கரம் ஒன்று மட்டும் வானத்தைப் பார்த்து மெதுவாகச் சுற்றி நின்றது.

அதன் பிறகு யாரும் மூச்சு விடவில்லை. கொட்டுகிற மழையில் கூடை கூடையாக ஏற்றி, கீற்றைப் பிரித்து டிரெய்லர் மேல் போர்த்தி, இரண்டு நடை. கரைந்தது போக மிச்சம் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசிக் கூடை ஏறியபோது குவியல் இருந்த இடத்தில் கணுக்கால் தண்ணீர்.

"பாத்தி தப்பிச்சுடுச்சுக்கா" என்றாள் சகாயமேரி.

விருத்தாம்பாள் தலையை ஆட்டினாள். தேசப்பனைக் காணவில்லை. கரையோரமாக நடந்து தேடிக்கொண்டு வந்தாள். அவன் பாத்திக்குள் முழங்கால் தண்ணீரில், சாய்ந்து கிடந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இன்ஜின் மேல் கை வைத்திருந்தான்.

அவளும் இறங்கினாள்.

"சில்லுன்னு இருக்குது" என்றான்.

அவள் அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். ஆமாம், சில்லென்றுதான் இருந்தது.

"நான்தான்யா ஊத்தினேன்" என்றாள். "அவன் வருவான்னு நீ சொன்ன. நான் கேக்கல."

"நான்தானே வாங்கினேன்" என்றான் அவன். சுட்ட முழங்கை கொப்புளித்து நீர் கோத்திருந்தது. அவள் முந்தானையால் மழைத் தண்ணீரை ஒற்றி அதன் மேல் வைத்தாள்.

கரை மேலிருந்து சகாயமேரி கத்தினாள்: "ரெண்டு பேரும் ஊட்டுக்கு வர்றீங்களா, கழுவெளியோட போறீங்களா?"

தேசப்பன் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திருகினான். அடியெல்லாம் உப்புத்தண்ணீர். உள்ளே ஊற்றியது வடிந்து வெளியே போக வழியில்லை. இருந்தாலும் திருகினான். மேல்மூடியை எடுத்து விருத்தாம்பாளிடம் கொடுத்தான். திறந்து கிடந்த வாயில் மழை விழுந்தது. ஏழு மாதம் குடம் குடமாக அவள் சுமந்த நல்ல தண்ணீர், இப்போது யாரும் சுமக்காமல் தானாக விழுந்து நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.