படத்தில் போட்டிருந்த தேதி

1

இந்தக் கதை பிச்சமுத்துவின் மொட்டைத் தலையைப் பார்த்து நான் எழுத ஆரம்பித்தது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் அவரும் நானும் சேர்ந்து மூட்டை தூக்கியவர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிடிக்காத வரியைத் தாண்டிப் போங்கள்.

'காவிரியில் நிலவு வெள்ளியாய் உருகி' என்றுதான் முதலில் தொடங்கினேன். சீ. நடந்தது பட்டப்பகலில்.

2

அவருடைய ஒரே மகள் பிரேமலதா, சினிமாவில் நடிக்கிறேன் என்று சென்னைக்குக் கிளம்பினாள். "இனி இந்த வாசப்படியை மிதிக்காத" என்றார். மூன்று வருஷம் அவளும் மிதிக்கவில்லை.

பிறகு ஒருநாள் லாரி டிரைவர் செல்போனில் ஒரு படம் காட்டினான். காட்டில் கிடந்த கேமராவில் இருந்ததாம். இருட்டு, மூச்சிரைப்பு, நடுவே பிரேமலதாவின் முகம். "அப்பா..." என்கிறாள். கேமரா கீழே விழுகிறது. அவ்வளவுதான்.

(பேய்ப்படத்துக்கு விளம்பரம். இப்போது எல்லாருக்கும் தெரியும்.)

இங்கேதான் எனக்கு இந்த ஆள்மேல் சந்தேகம். தராசு முள்ளையே நம்பாதவர் இதை எப்படி நம்பினார்? கேட்டேன்.

"பாட்டு இல்ல, பவுடர் இல்ல, படம் இந்த ஆட்டம் ஆடுது. பொய்யா இருந்தா நல்லா எடுத்திருக்க மாட்டானுங்களாய்யா?"

(போலீசுக்கு ஏன் போகவில்லை என்பீர்கள். யாரை நம்பினார், போலீசை நம்ப?)

3

காரியம் செய்ய ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு நானும் கூடப் போனேன்.

"பரமபதிச்சது என்னிக்கு?" என்றார் புரோகிதர்.

"படத்துல ஓரமா தேதி போட்டிருந்துச்சு சாமி."

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, தேய்பிறை தசமி என்றார். எவனோ கம்ப்யூட்டரில் தட்டிய தேதி. அதற்கும் ஒரு திதி இருந்தது.

"பெத்தவா குழந்தைக்கு முடி எடுக்கறதில்லையே."

"எனக்குச் செய்ய இருந்தவ அவ ஒருத்திதான். எடுக்கச் சொல்லுங்க."

முங்கி எழுந்து ஆற்றைப் பார்த்துக் கத்தினார்: "திட்ட மாட்டேன்டி! நடிச்சுக்க! வந்துரு!"

மூன்று வருஷத்தில் இதை அவர் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

4

மறுவாரம் அவள் வந்தாள். படம் நன்றாக ஓடுகிறதாம். வாசப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"என்னப்பா மொட்டை? சமயபுரத்துக்கு வேண்டுதலா?"

"ஆமா" என்கிறார், அவள் போய்விடுகிறாள். இப்படி ஒரு முடிவு எழுதி அடித்துவிட்டேன். கட்டிப்பிடித்து அழுகிறார் என்று இன்னொன்று. பிச்சமுத்துவைத் தெரியாதவன்தான் அதை எழுதுவான்.

மொட்டை எதற்கென்று நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில்

(இந்த வரி இப்படியே கிடக்கட்டும்.)

செத்தவளிடம் அத்தனை பேசிய மனுஷன், உயிரோடு நிற்கிறவளிடம் மொட்டையைத் தடவிக்கொண்டு நிற்கிறார். தெருவில் ஆட்டோ காத்திருக்கிறது. அவள் பையை இன்னும் கீழே வைக்கவில்லை. "உள்ள வா" என்றால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

ஆயுசு முழுக்க மூட்டை தூக்கியவன் நான். இந்த ஒரு வார்த்தையை அவர் வாய்வரைக்கும் தூக்க என்னால் ஆகவில்லை. நீங்கள் ஒரு கை பிடியுங்கள்.