மேல்பட்டாம்பாக்கத்துக் கழுத்து

கணவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் புஷ்பவல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, மகள் தேவயானி அப்பாவின் போனோடு வந்து காதருகே குனிந்தாள்.

"அம்மா, யாரோ கமர் நிஷாவாம், மேல்பட்டாம்பாக்கத்துல இருந்து. ஞாயித்துக்கிழமையாச்சே, அப்பா ஏன் இன்னும் வரலனு கேட்டாங்க. விஷயத்தச் சொல்லிட்டேன். கெளம்பி வராங்களாம்."

"வரட்டும்" என்றாள் புஷ்பவல்லி. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

நெருப்பில்லாமல் புகையுமா? ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் சவரம் செய்து, இஸ்திரி சட்டை போட்டு, "பண்ருட்டி வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று கிளம்பிய மனிதர் கருணாகரன். துவைக்க எடுத்தால் சட்டைப்பையில் மேல்பட்டாம்பாக்கம் பஸ் டிக்கெட். திரும்பி வந்தால் "டீ வேணாம், குடிச்சிட்டேன்." மைன்ஸில் வேலை பார்த்த காலமெல்லாம் அவள் போட்ட டீயைக் குடிக்காமல் ஷிப்டுக்குப் போகாத ஆள்! கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தாள். ஆனால் அவளிடமும் ஒரு கள்ளம் இருந்ததே.

அவருடைய பழைய சாக்ஸபோனின் கழுத்தை, ஊதும் முனைக்கும் உடம்புக்கும் நடுவில் வளைந்து நிற்கும் அந்தப் பித்தளைக் குழாயை, பருப்பு டிரம்முக்குள் புதைத்தவள் அவள்தான். இந்த மூச்சிரைப்போடு ஊதினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன அன்றே புதைத்தாள். அவர் இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பேச்சே இல்லை. வேறொன்று கிடைக்காமல் அவ்வளவு சீக்கிரம் மறப்பாரா? பாவி மனுஷன்! சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், இத்தனை வருஷம் வாழ்ந்தாளா, ஏமாந்தாளா என்று.

பதினொரு மணிக்கு முக்காடு போட்ட ஒரு பெண் துணிப்பையோடு உள்ளே வந்தாள். பெட்டிக்குள் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"நான்தாங்க கமர் நிஷா. வாராவாரம் அண்ணன் எங்க வூட்டுக்குத்தான் வருவாரு."

"எதுக்கு வருவாரு?"

கேட்ட வேகத்தில் பக்கத்து வீட்டுத் தனம் ஒப்பாரியை நிறுத்திவிட்டாள்.

கமர் நிஷா பையிலிருந்து ஒரு பித்தளைக் கழுத்தை எடுத்தாள். "எங்க வூட்டுக்காரரு பேண்ட் செட்ல இருந்தாருங்க. வண்டி கவுந்து அவரும் போய்ட்டாரு, சாக்ஸபோனும் நசுங்கிப் போச்சு. இது மட்டுந்தான் மிச்சம். அதக் கேள்விப்பட்டுத்தான் அண்ணன் தேடி வந்தாரு. இப்ப கடையில வர்றது எதுவும் அவரோட பழசுக்குப் பொருந்தாதாம், இது பொருந்துமாம். எங்க வூட்டுக்காரரு வாய் வச்சி ஊதுனது, குடுக்க மனசு வரலைங்க. நானும் தரல, அண்ணனும் விடல. கேப்பாரு, டீ குடிப்பாரு, போய்டுவாரு."

"அவரோடது தொலைஞ்சு போச்சுன்னாரா?"

"இல்லீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பருப்பு டிரம்முல இருக்குது, தெரியும்னாரு. அத எடுத்துட்டா அவ ராவெல்லாம் முழிச்சிகினு என் மூச்சையே பாத்துகினு கெடப்பா, அது அங்கயே இருக்கட்டும்னாரு. நீங்க ஊருக்குப் போற அன்னிக்கு ஒரே ஒரு தடவ ஊதணுமாம். இன்னிக்குக் குடுத்துடலாம்னுதாங்க போன் பண்ணேன்."

புஷ்பவல்லி இரண்டு கைகளாலும் அதை வாங்கினாள். கனமாக இருந்தது.

"என்னம்மா அது?" என்று கேட்டாள் தேவயானி.

"உங்கப்பாவோடது" என்றாள். பிறகு பாயில் நகர்ந்து, பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார இடம் விட்டாள்.