கடைசி பெஞ்சு காலியாக இருக்கிறது

பூ டீச்சருக்கு அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள்தான். தாவரவியல் படித்தவர். ஒரு பூவை நெடுக்காக வெட்டி, உள்ளே இருக்கும் சூல்பையைக் காட்டும்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்த எவருக்கும் வேறு பெயர் வைக்க மனம் வராது. அப்படிப்பட்டவர் தலையில்தான் தலைமையாசிரியர் ஒரு காலை நேரத்தில் இயற்பியலைக் கொண்டுவந்து கட்டினார்.

"ஃபிசிக்ஸ் சாருக்கு வேற வேலை கிடைச்சிடுச்சு டீச்சர். கிளம்பிட்டார். ஃபிசிக்ஸ் எடுக்க ஆளில்லன்னா மேல்வகுப்புல சயின்ஸ் பிரிவையே மூடிடுவாங்களாம். மாசக் கடைசியில அதிகாரி வந்து ஒரு வகுப்பை நேர்ல பாப்பார். அது நல்லா நடந்தா பிரிவு இருக்கும். இல்லன்னா பிள்ளைங்க எல்லாரையும் வணிகவியலுக்கு மாத்திடுவாங்க."

"சார், நான் பூ, காய்னு இருக்கறவ. வீட்டுல பல்பு மாத்தணும்னாகூட எங்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவேன்."

"நீங்க சயின்ஸ்தானே டீச்சர்?"

கண் டாக்டரிடம் போய்ப் பல்லைக் காட்டி, 'நீங்க டாக்டர்தானே' என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தலைமையாசிரியர் கணக்கு வாத்தியார். அவரைப் பொறுத்தவரை கணக்கைத் தவிர மற்ற எல்லாமே ஒரே பாடம். நல்ல மனுஷன்தான். ஆனால், நல்ல மனுஷர்கள் கொடுக்கிற வேலையைத் தட்டிக் கழிப்பது இன்னும் கஷ்டம்.

பூ டீச்சர் கவலைப்பட்டது தனக்காக மட்டுமல்ல. அந்த வகுப்பில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காலையில் முதல் பாடம் தொடங்கியதும், "டீச்சர், கண்ணுல வெயில் அடிக்குது" என்று நகரத் தொடங்குவாள். அதனால் அவளுக்கு 'வெயில்' என்றே பெயர். வீட்டில் இருந்த ரேடியோவைப் பிரித்துப் போட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு அதே ரேடியோவைத் தானே பூட்டிப் பாட வைத்தவள். அவளைக் கொண்டுபோய் வரவு செலவுக் கணக்கு எழுத உட்காரவைப்பதா? டீச்சருக்கு நினைக்கவே பொறுக்கவில்லை.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் பேட்டரியையும் கம்பியையும் வைத்துக்கொண்டு அவர் கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் அவர் கணவர் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்க கடைக்கு ஒரு கூட்டம் வரும். எலும்புக்கூடு படம், தவளை படம்னு கத்தை கத்தையா நகல் எடுப்பாங்க. அறிவியல் ஆசிரியர் சங்கமாம். சைக்கிள் கடை மாடியில சனிக்கிழமை சனிக்கிழமை கூடுறாங்க. போய்ப் பாரேன்."

"சங்கம்னா கோஷம் போடுவாங்க, கொடி பிடிப்பாங்க. எனக்கு என்ன பண்ணப் போறாங்க?"

"இவங்க கொடி பிடிச்சு நான் பாத்ததில்ல. தவளையைத்தான் பிடிச்சிருக்காங்க."

சனிக்கிழமை காலை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். மாடியில் நீளமான ஓர் அறை. கண்ணாடி அலமாரிக்குள் விதவிதமான குடுவைகள், வாய் உடைந்தவையும் சேர்த்து. மூலையில் இடது கை இல்லாத பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அதன் தோளில் யாரோ மாட்டிவிட்டுப் போன குடை. சுவரில் கரும்பலகை, அதற்கு எதிரே நிஜப் பள்ளிக்கூட பெஞ்சுகள். உள்ளே ஏழெட்டு ஆசிரியர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கத்தின் செயலாளரை எல்லோரும் பல்பு சார் என்றே கூப்பிட்டார்கள். காரணத்தை அவரே முதலில் சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டார்ச் பல்பை நேராகச் சுவர் மின்சாரத்தில் மாட்டி வெடிக்க வைத்தவர். "அன்னைக்கு நான் பிள்ளைங்களுக்கு மின்சாரம் சொல்லிக் கொடுக்கல, பயம் சொல்லிக் கொடுத்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார். பக்கத்தில் இருந்தவர் ஆசிட் அக்கா. வேதியியல் டீச்சர். அவருடைய வெள்ளைக் கோட்டில் துணியைவிட ஓட்டை அதிகம்.

பூ டீச்சர் வந்த விஷயத்தைச் சொல்லி முடித்ததும் யாரும் உச்சுக் கொட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. டீ டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுப் போய் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள்.

"வகுப்பு எடுங்க டீச்சர்," என்றார் பல்பு சார்.

"என்ன சார், இப்பவேவா?"

"இங்க அதான் வழக்கம். புதுசா வர்றவங்க பாடம் எடுக்கணும், நாங்க பிள்ளைங்களா உக்காருவோம். என்ன கேள்வி வேணும்னாலும் கேப்போம். ஆனா சொந்தமா கேள்வி உருவாக்க மாட்டோம். ஏதோ ஒரு வகுப்புல ஏதோ ஒரு பிள்ளை நிஜமா கேட்ட கேள்வியா இருக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாக்கியம் சத்தமா சொல்லணும். 'எனக்குத் தெரியல, பாத்துடலாம்.'"

இது என்ன பிரமாதம் என்று வாயைத் திறந்தால், பாழாய்ப்போன வாக்கியம் வெளியே வரவில்லை. எத்தனையோ வருடங்களாகத் தெரிந்தவராகவே கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மென்னு முழுங்காதீங்க டீச்சர்," என்று ஆசிட் அக்கா பின்னாலிருந்து கத்தினார். "கடைசி பெஞ்சுக்குக் கேக்கல!"

"எனக்குத் தெரியல, பாத்துடலாம்," என்று பூ டீச்சரும் கத்தினார். கீழே காற்றடிக்கும் சத்தம் ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது.

மாசக் கடைசிவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்துதான். பாடம் எளியதுதான். மேசைமேல் ஒரு திசைகாட்டி. அதன் ஊசிக்கு மேலே ஊசியோடு ஒட்டினாற்போல் நீளவாக்கில் ஒரு கம்பி. கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் ஊசி விலகித் திரும்பும். மின்சாரத்துக்குள் காந்தம் ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். பாடம் எளிது, பிள்ளைகள்தான் லேசுப்பட்டவர்கள் இல்லை. பேரன் எடுத்த வயதில் இருந்த ஒரு விலங்கியல் சார் பென்சிலைக் கடித்துக்கொண்டே, "டீச்சர், கரண்ட் போகும்போது கம்பிக்கு வலிக்குமா?" என்று கேட்டார். ஆசிட் அக்கா, "பேட்டரி தீந்துட்டா உள்ள இருந்த கரண்ட் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பக்கத்திலிருப்பவர் சட்டையில் சாக்பீஸால் கோடு போட்டார். பூ டீச்சர் திணறினார், திக்கினார், சிரித்தார், ஒருமுறை அழவும் அழுதார். கடைசி சனிக்கிழமை ஊசி ஒழுங்காகத் திரும்பியபோது எல்லோரும் பெஞ்சைத் தட்டினார்கள். திசைகாட்டியையும் கம்பியையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

அதிகாரி வந்த அன்று டீச்சர் டப்பாவும் கையுமாக வகுப்புக்குள் நுழைந்தார். மேசைமேல் தரையைத் தொடும்படி பளிச்சென்று ஒரு விரிப்பு போட்டிருந்தது, அதன்மேல் பூச்சாடி. எல்லாம் தலைமையாசிரியரின் ஏற்பாடு. டீச்சருக்கு இருந்த படபடப்பில் அதை ரசிக்கவும் தோன்றவில்லை, சந்தேகப்படவும் தோன்றவில்லை. அதிகாரி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலோரம் தலைமையாசிரியர் கைகட்டி நின்றார்.

டீச்சர் திசைகாட்டியை வைத்தார். கம்பியைப் பிடித்தார். சுவிட்சை அழுத்தினார்.

ஊசி லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்.

மறுபடி அழுத்தினார். மறுபடியும் நடுக்கம்தான். பேட்டரி புதிது, கம்பி சரியாக இருக்கிறது, எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காலையில்தான் வீட்டில் சோதித்திருந்தார். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி எதையோ குறித்துக்கொள்வது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து வெயிலின் குரல் வந்தது.

"டீச்சர், கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே ஊசி தப்பா காட்டுது. காலையில வெயில் இந்த ஜன்னல் வழியாத்தானே என் கண்ணுல அடிக்கும்? அப்போ இது கிழக்கு. வடக்கு கரும்பலகைப் பக்கம் இருக்கணும். ஊசி வாசலைக் காட்டுது. ஏன் டீச்சர்?"

மாடி அறையில் யாரும் கேட்காத கேள்வி. 'சில சமயம் அப்படித்தான் காட்டும், நீ உட்காரு' என்ற பதில் தயாராக, வாய்வரை வந்து நின்றது. எல்லா ஆசிரியருக்கும் கைவசம் இருக்கிற பதில் அது. பின்னால் ஆசிட் அக்காவே உட்கார்ந்து கத்துவதுபோல் டீச்சருக்குக் கேட்டது.

"எனக்குத் தெரியல," என்றார் பூ டீச்சர், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி. "பாத்துடலாம். எல்லாரும் கிட்ட வாங்க."

அதிகாரியின் பேனா நின்றது. தலைமையாசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். திசைகாட்டியை மேசையின் அந்த ஓரம் வைத்தால் ஊசி ஒரு பக்கம் காட்டியது, இந்த ஓரம் வைத்தால் வேறு பக்கம். ஒரு பையன் அதை உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேலே தூக்கினான்.

"டீச்சர், கையில வச்சா சரியா இருக்கு! கரும்பலகையைக் காட்டுது!"

"மேசையில வச்சா?"

"தப்பு!"

"அப்போ தப்பு யாருகிட்ட?"

வெயில் குனிந்து விரிப்பைத் தூக்கினாள். உள்ளே இருந்தது வகுப்பின் பழைய மர மேசை அல்ல. தலைமையாசிரியர் அறையில் இருக்கும் இரும்பு மேசை. இத்தனை இரும்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாவம், ஊசி எந்த வடக்கைப் பார்க்கும்?

"மர மேசை பழசா இருந்துச்சு... பாக்க நல்லா இருக்கட்டுமேன்னு..." என்றார் தலைமையாசிரியர். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார்.

ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். டீச்சர் சுவிட்சை அழுத்த, ஊசி கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற பிள்ளைபோல் சட்டென்று திரும்பியது. "நான் ஒரு தடவை அழுத்திப் பாக்கலாமா?" என்று எழுந்து வந்தவர் வேறு யாருமில்லை, அதிகாரிதான்.

வகுப்பு முடிந்து வராந்தாவில் நிற்கும்போது அவர் சொன்னார்: "பிரிவு இருக்கட்டும் சார். மேடம் ஃபிசிக்ஸையும் எடுக்கட்டும். ஆனா மேடம் இங்க வந்துட்டா கீழ்வகுப்புக்குச் செடி கொடிப் பாடம் யாரு எடுப்பா?"

இரும்பு மேசையின் வெட்கம் இன்னும் போகாத தலைமையாசிரியர், "நானே எடுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதிகாரி போனதும் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ரொம்ப நன்றி. பிரிவைக் காப்பாத்திட்டீங்க. அந்த வாக்கியத்தை உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

சைக்கிள் கடை மாடியைப் பற்றி டீச்சர் சொன்னார். அவர்களுக்கு டீச்சர் என்ன உறவா, ஒட்டா? முன்பின் தெரியாத ஒருத்திக்காகத் தங்கள் சனிக்கிழமைகளைக் கொடுத்து, நரைத்த தலையோடு பென்சிலைக் கடித்து, பிள்ளைகளாக உட்கார்ந்தார்களே. கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு செய்வார்களா என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. வகுப்புக்குள் வெயில் ஊசியை இன்னும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பிஸ்கட் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், இந்தத் தடவை அதற்குள் நிஜமாகவே பிஸ்கட்டும் நிரப்பிக்கொண்டு போனார். நடந்ததை எல்லாம் சொன்னார். அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு, வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த நன்றி உரையை, "உங்க எல்லாருக்கும் நான்..." என்று தொடங்கினார்.

பல்பு சார் கையமர்த்தினார். "நன்றியை நாங்க பேச்சா வாங்கிக்கறதில்ல டீச்சர். இன்னைக்குப் புது ஆள் ஒருத்தர் வர்றார். கடைசி பெஞ்சு காலியா இருக்கு பாருங்க."

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஈரப் பஞ்சில் முளைவிட்ட பயறு உள்ள ஒரு கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தார் தலைமையாசிரியர். கடைசி பெஞ்சில் இருப்பது யார் என்று பார்த்ததும் அவர் கால் ஒரு நொடி தயங்கியது. பள்ளிக்கூடத்தில் அவர் நடந்து வந்தால் எழுந்து நிற்பவர் டீச்சர். இங்கே எழுந்திருக்கவில்லை. கடைசி பெஞ்சுக்கு அதெல்லாம் கிடையாது.

வழக்கமான வாக்கியத்தை அவர் முணுமுணுத்தார்.

"மென்னு முழுங்காதீங்க சார்!" என்றார் ஆசிட் அக்கா.

பாடம் தொடங்கியது. விதை, வேர், தண்டு. கணக்குப் போடுகிற கையால் அழகாகப் படம் வரைந்தார். முடிந்ததும், "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில், இருக்கக் கூடாது என்பது தெரிந்தது. பூ டீச்சர் பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கையைத் தூக்கினார். என்றோ தன் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் கேட்ட கேள்வி அது.

"சார், விதையைத் தலைகீழா நட்டுட்டா செடி மண்ணுக்குள்ளயே வளருமா? மேல எது, கீழ எதுன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?"

தலைமையாசிரியர் பயறைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். பதில் டீச்சருக்கு வேர்நுனிவரை தெரியும், எடுத்துக் கொடுத்துவிட நாக்கு துடித்தது. பென்சிலைப் பல்லால் கடித்துப் பொறுத்துக்கொண்டார். அந்த மனிதர் படுகிற பாடு எதுவும் அவருக்குப் புதிதில்லை.

"அது வந்து..." என்றார் தலைமையாசிரியர். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். பிறகு ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைப்பவர்போல் மூச்சை விட்டு, நிமிர்ந்து, சத்தமாகச் சொன்னார்:

"எனக்குத் தெரியல. பாத்துடலாம். யாராவது வந்து இந்த டம்ளரைக் கவுத்துப் பிடிங்க."

முதலில் எழுந்து ஓடியது கடைசி பெஞ்சுதான்.